பாஸ் சோதிக்க எந்தப் பாட்டு?

கடைக்கு ஸ்பீக்கர் பார்க்கப் போனால் பெரும்பாலும் முதலில் ஓடுவது ஒரு குத்துப் பாட்டு. “பாஸ் பாருங்க சார், நெஞ்சுல இடிக்கும்” என்பார்கள். பாஸ் என்றால் பாட்டின் கீழ்ச்சுருதி ஒலி. இடிக்கத்தான் செய்யும். 50, 60 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு இத்தனை அதிர்வு) பக்கம் ஒரே ஒரு மேடு, அதாவது அங்கே மட்டும் சத்தம் தூக்கலாக, வைத்திருக்கிற எந்த சப்ஊஃபர் பெட்டியும் அந்தப் பாட்டில் இடிக்கும். காலால் அடிக்கிற கிக் டிரம் நேராக அந்த மேட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்குக் கொண்டுவந்து நாலைந்து வேறு பாட்டுகளைப் போட்டால்தான் சங்கதி தெரியும்: எல்லாவற்றிலும் அதே ‘தொம்’. பாஸ் கிதார்க்காரர் என்ன வாசித்தாலும் ஒரே நோட்டு, அதாவது ஒரே ஸ்வரம்.

ஆகவே சோதனைக்குப் பாட்டு எடுக்கும்போது எதில் பாஸ் அதிகம் என்று தேடாதீர்கள். எதில் பாஸ் நோட்டு விட்டு நோட்டு நகர்கிறது என்று தேடுங்கள். என்னைக் கேட்டால் மற்ற தகுதிகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நான்கு கம்பி பாஸ் கிதாரில் அடிக்கம்பியை விரல் வைத்து அழுத்தாமல் மீட்டினால் மேற்கத்திய ஸ்வரம் ஈ (E), 41.2 ஹெர்ட்ஸ். அங்கிருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டாக (கழுத்தின் குறுக்குக் கட்டை) ஏறினால் எஃப் 43.7, எஃப் ஷார்ப் 46.2, ஜி 49, ஜி ஷார்ப் 51.9, ஏ 55, ஏ ஷார்ப் 58.3, பி 61.7, சி 65.4. ஐந்து கம்பி கிதாராக இருந்தால் கீழே 30.9 வரை இறங்கும். இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அடுத்து உங்கள் அறையின் எண்களை எழுதி இதன் பக்கத்தில் வைக்கப் போகிறோம்.

எங்கள் வேலூரில் காந்தி நகர், சத்துவாச்சாரி பக்கம் சாதாரணமாகப் பார்க்கிற அறை 10க்கு 12. உயரம் 10 அடி. செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, மேலே ஆர்சிசி, கீழே டைல்ஸ் அல்லது கிரானைட். இப்படிப்பட்ட பெட்டிக்குள் பாஸ் எளிதில் அடங்காது. வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் மரச்சட்ட வீடுகளில் சுவர் கொஞ்சம் அசைந்து கொடுத்து பாஸைத் தின்றுவிடும்; நம் சுவர் அப்படியே திருப்பி அனுப்பும். கணக்கு சுலபம். 568-ஐ அறையின் அடிக்கணக்கால் வகுத்தால் அந்தத் திசையில் எந்த ஹெர்ட்ஸில் ஒலி வீங்கும் என்று தெரியும். 12 அடிக்கு 47. 10 அடிக்கு 57. உயரமும் 10 அடி என்பதால் அங்கேயும் 57, ஆக ஒரே இடத்தில் இரண்டு மேடு. அகலமும் உயரமும் ஒன்றாக இருக்கிற அறைதான் பாஸுக்கு மோசமான அறை. நம் ஊரில் அப்படித்தான் கட்டுகிறோம், என்ன செய்வது.

இப்போது இரண்டு தாளையும் சேர்த்துப் பாருங்கள். பாஸ் கிதார் ஈ-யிலிருந்து மெதுவாக ஏறினால், இந்த அறையில் எஃப் ஷார்ப்பும் ஜி-யும் பொங்கும், ஜி ஷார்ப் கொஞ்சம் தணியும், ஏ-யும் ஏ ஷார்ப்பும் மறுபடி பொங்கும். வாசித்தவர் எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில்தான் வாசித்திருப்பார். சோபா பின்சுவரை ஒட்டி இருந்தால் இந்தப் பொங்கல் இன்னும் அதிகம். 12 அடி நீளத்தின் சரிபாதியில், 6 அடியில் உட்கார்ந்தால் நேரெதிர்: 47 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட காணாமல் போகும். ஸ்பீக்கரில் பாஸே இல்லை என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் அந்த 6 அடிக் கோட்டில் நாற்காலி போட்டவர்கள். எழுந்து பின்சுவரோரம் போய் நின்று கேட்டாலே தெரிந்துவிடும்.

ஓட்டு வீடும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மாடி அறையும் வேறு கதை. பாஸ் கூரை வழியே வெளியேறிவிடும்; பொங்கலும் குறைவு, பாஸும் குறைவு. கடைகளும் அப்படித்தான். முன்பக்க ஷட்டர் முழுக்கத் திறந்து ரோட்டைப் பார்த்தபடி இருக்கிற இடத்தில் கேட்ட பாஸை வைத்து வீட்டு பாஸைக் கணிக்க முடியாது.

ஒரு உபரித் தகவல். சித்திரை, வைகாசியில் வேலூர் அறை 40 டிகிரியைத் தொடும்போது ஒலி வேகமும் கூடும். 25 டிகிரியில் 47.3-ல் இருந்த மேடு 48.5-க்கு நகர்ந்துவிடும். மார்கழியில் மிகக் குறுகலாக ஈக்யூ (ஹெர்ட்ஸ் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) வெட்டி வைத்தவர்கள் மே மாதத்தில் ஒருமுறை சரிபார்க்கலாம். மற்றவர்கள் கவலைப்பட வேண்டாம்.

அப்படியானால் எந்தப் பதிவுகள்?

முதல் இடம், பாஸ் கிதார் தனித்துக் கேட்கிற மிதவேகப் பாட்டுக்கு. 80களின் தமிழ்த் திரைப்பாடல்களில் இதற்குப் பஞ்சமே இல்லை. பல்லவிக்குப் பின்னால் பாஸ் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும். யாருடைய பாடல்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. டிரம்ஸ் குறைவாக, பாஸ் வரி ஏறி இறங்குகிற 30, 40 வினாடித் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பாஸ் வரியை வாயால் முணுமுணுத்துக்கொண்டே கேட்க வேண்டும். எந்த நோட்டில் உங்கள் வாய் தடுமாறுகிறதோ அந்த நோட்டை ஸ்பீக்கரோ அறையோ விழுங்குகிறது. இதைவிட நல்ல மீட்டர் கிடையாது. ஆனால் ஒன்று: இந்தப் பாடல்களில் 40-க்குக் கீழே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆழத்துக்கு வேறு பதிவு வேண்டும்.

இரண்டாவது மிருதங்கம். இதைத்தான் நான் அதிகம் நம்புவேன், காரணம் நம் காதுக்கு அது பழகிய ஒலி. அதன் இடது பக்கமான தொப்பியில் ரவை அப்பிச் சுருதியை இறக்கியிருப்பார்கள். அதன் கனம் 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் இருக்கும். தனி ஆவர்த்தனத்தில் கும்கி வருகிற இடமாகப் பாருங்கள். மணிக்கட்டால் தோலை அழுத்தித் தள்ளும்போது சுருதி வழுக்கிக்கொண்டு ஏறும். நல்ல அமைப்பில் அந்த வழுக்கல் ஒரே சீராக, கனம் மாறாமல் போகும். அறை மேடு குறுக்கே வந்தால் வழுக்கலின் நடுவில் ஒரு இடம் மட்டும் திடீரென்று உப்பும், அல்லது பள்ளத்தில் விழுந்து எழும். நோட்டு மாறுகிற பாஸ் என்று சொன்னேனே, கும்கி அதையே இடைவெளி இல்லாமல் செய்கிறது.

தொப்பி மெலிந்து, வலது பக்கமான வலந்தலை மட்டும் டப்டப் என்று கேட்டால் ஸ்பீக்கரைத் திட்டுவதற்கு முன் அளக்கும் டேப்பை எடுங்கள். ஸ்பீக்கரின் முன்முகத்திலிருந்து அதற்குப் பின்னால் உள்ள சுவர் வரை அளந்து, 284-ஐ அந்த அடிக்கணக்கால் வகுக்க வேண்டும். 3 அடி என்றால் 95 ஹெர்ட்ஸ். சுவரில் பட்டுத் திரும்புகிற அலை நேர் அலையை அந்த இடத்தில்தான் அடித்துக் கழிக்கும். சரியாகத் தொப்பியின் மேலேயே. ஸ்பீக்கரைப் பின்னுக்குத் தள்ளி ஒன்றரை அடி ஆக்கினால் பள்ளம் 190-க்கு ஏறிவிடும், தொப்பி திரும்பி வரும். அதோடு சுவர் நெருக்கத்தால் கீழ்ப் பாஸும் கொஞ்சம் கூடும் என்பதை நினைவில் வைத்து மறுபடி பாஸ் கிதார்த் துண்டைக் கேட்டுவிடுங்கள்.

மிருதங்கப் பதிவிலும் தேர்வு வேண்டும். சபா மேடையில் மைக் வைத்து மிக்ஸரில் பாஸ் குமிழைத் திருகிய பதிவுகள் ஏராளம். அதில் தொப்பி பீப்பாய் மாதிரி உருளும். ஸ்டுடியோவில் எடுத்தது, அல்லது சின்ன அரங்கில் கொஞ்சம் தள்ளி மைக் வைத்து எடுத்தது உத்தமம். தவிலும் நல்லதுதான், இடது பக்கக் குச்சி அடியின் கனத்துக்காக. பம்பை, உடுக்கை, பறையெல்லாம் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா மாதிரி வெட்டவெளியில் கேட்டுப் பழகியவை. அங்கே சுவரே கிடையாது. அதே ஒலி அறைக்குள் கொஞ்சம் தடித்துத்தான் கேட்கும், அதைக் குறையாக எடுக்க வேண்டாம். போனில் எடுத்த திருவிழா வீடியோக்கள் சோதனைக்கு உதவாது. போன் தானாகவே சத்தத்தை ஏற்றி இறக்கும்; பல போன்கள் கீழ்ப் பாஸை வெட்டியும் விடும்.

தம்புராவை பாஸ் சோதனைக்குச் சிலர் சொல்வதுண்டு. ஒன்றரைக் கட்டை ஆண் சுருதிக்கு அதன் மந்தர ஷட்ஜம் 69 ஹெர்ட்ஸ் என்பது சரிதான். ஆனால் கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே ஜீவா நூல் போட்டபின் மேல் ஸ்வரக்கூறுகள்தான் ஓங்கி ஒலிக்கும், அடி ஒலி பலவீனம். பியானோவும் அப்படியே. கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ் என்று கணக்கில் இருக்கும்; அதை அழுத்தும்போது காதுக்கு வருவது பெரும்பாலும் அதன் மடங்குகள்தான். சின்ன ஸ்பீக்கரிலும் அந்தக் கட்டை கேட்கிறதே என்று ஏமாறக் கூடாது.

மூன்றாவது, நிறுத்தம் பார்க்க ஒரு கிக் டிரம். எதிரொலி சேர்க்காத, வறண்ட கிக். நிமிடத்துக்கு 120 அடி வேகம் என்றால் இரண்டு அடிகளுக்கு நடுவே அரை வினாடி இருக்கும். அதற்குள் முந்தைய அடி அடங்கி அமைதி தெரிய வேண்டும். அடி மேல் அடி வழிந்து ஒரு மூட்டமாக நின்றால் பெட்டியோ அறையோ ஒலியைப் பிடித்து வைத்திருக்கிறது. ‘பாஸ் செம டைட்’ என்று சொல்ல வைப்பது பல சமயம் கிக்கின் ‘டக்’ என்ற முன்முனைதான். அது 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மேல்சுருதி ஒலிக்கான ட்வீட்டர் பக்கத்துச் சமாசாரம். அதை மனதால் ஒதுக்கிவிட்டு வாலை மட்டும் கேளுங்கள்.

ஆழத்துக்கு சின்த் (சிந்தசைசர்) பாஸ் அல்லது சர்ச் ஆர்கன். 16 அடிக் குழாயின் கடைசி நோட்டு 32.7 ஹெர்ட்ஸ், 32 அடிக் குழாயுடையது 16.35. பின்னது சாதாரண வீட்டு ஸ்பீக்கர் எதிலும் வராது. பெரிய சப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். 5 இன்ச் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வைத்திருப்பவர் இதைப் போட்டு மனம் வருந்த வேண்டியதில்லை. ஹிப் ஹாப்பில் நீண்டு இழுபடும் 808 கிக் இருக்கிறதே, 1980-ல் வந்த ரோலண்ட் டிரம் மெஷினுடையது, அது மூலத்தில் 50 ஹெர்ட்ஸ் வாக்கில்தான் நிற்கும். அதைச் சுருதி இறக்கிப் போட்ட புதுப் பாடல்களில்தான் 30-களின் ஆழம் வரும்.

சினிமா வெடிச் சத்தத்தை வைத்து இரண்டு ஸ்பீக்கர் அமைப்பைச் சோதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 5.1 ஒலித்தடத்தை ஸ்டீரியோவாகச் சுருக்கும்போது அந்த ‘.1’, அதாவது சப்ஊஃபருக்கான ஆழ்ந்த பாஸ் தடம், பெரும்பாலும் கழற்றி விடப்படும். வெடி மெலிந்து கேட்டால் ஸ்பீக்கர் குற்றவாளி இல்லை.

எந்தப் பதிவாக இருந்தாலும், உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பட்டியலில் சேருங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருள் இலவசம். துண்டைத் தேர்ந்தெடுத்து, ஸ்பெக்ட்ரம் வரைபடத்தைத் திறந்து, அளவை 65536 என்றும் அச்சை லாக் என்றும் வைத்தால் ஒவ்வொரு பாஸ் நோட்டும் தனித்தனிக் கூம்பாகத் தெரியும். அளவு குறைவாக இருந்தால் பக்கத்துப் பக்கத்து நோட்டுகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு கூம்பு மட்டும் வானளவு நின்றால் அந்தப் பாட்டு வேண்டாம். 40-க்குக் கீழே வெற்றிடமாக இருக்கிற பாட்டை வைத்து ஆழம் சோதிக்கவும் வேண்டாம். பிறகு நல்ல வயர் ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள். அங்கே அறை இல்லை, அதனால் நோட்டுகளின் சமநிலை எப்படி என்று ஒரு மாதிரி கிடைத்துவிடும்.

எம்பி3-யா, இழப்பில்லாத ஃப்ளாக்கா என்ற சண்டைக்கு பாஸ் விஷயத்தில் பெரிய வேலையில்லை. சுருக்கும்போது முதலில் அடிபடுவது மேல் பகுதி. ‘பாஸ் பூஸ்டட்’ என்று போட்டு மறுபதிவேற்றியவைதான் ஆபத்து. ரீமாஸ்டர் என்று வருவதிலும் பாஸ் அளவு மாறியிருக்கும். அதனால் எந்த வெளியீடு என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு, கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீமிங் ஆப்பில் இன்று இருக்கிற பதிப்பு அடுத்த மாதமும் அதுவாகவே இருக்கும் என்று உறுதியில்லை.

கேட்க உட்காருவதற்கு முன்: போனில் ஈக்யூ, டால்பி, லவுட்னஸ், ஆப்பில் வால்யூம் நார்மலைஸ், ஆம்பில் பாஸ் குமிழ், எல்லாம் பூஜ்யம். ஃபேன் ஆஃப். கதவு, ஜன்னல் நீங்கள் வழக்கமாகக் கேட்கிற நிலையில். கதவைத் திறந்தால் அறையின் கணக்கே மாறும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது சோதிக்காதீர்கள். சதுர அலை இன்வெர்ட்டர் பல ஆம்ப்களில் ஹம் ஏற்றும். அது நிற்பதும் 50, 100 ஹெர்ட்ஸில்தான், பாஸ் நோட்டுகளின் மேலேயே.

பிறகு வயர். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் நடுவில் உட்கார்ந்தவருக்கு பாஸ் வற்றிப்போகும், பாடகர் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. ஒரு பக்கத்து வயரை மட்டும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பாஸ் எதில் கூடுகிறதோ அதுதான் சரி. சப் இருந்தால் அதன் 0, 180 ஃபேஸ் சுவிட்சுக்கும் இதே சோதனை, கிராஸ்ஓவர் (சப்புக்கும் ஸ்பீக்கருக்கும் வேலை பிரியும் எல்லை) வைத்திருக்கிற 80 ஹெர்ட்ஸ் பக்கத்து நோட்டுகள் வரும் துண்டோடு.

சத்த அளவு மாறினால் ஒப்பீடு செல்லாது. மெதுவாகக் கேட்கும்போது காது பாஸைக் குறைத்துத்தான் கேட்கும், 31.5 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழவே 60 டெசிபெல் வேண்டும். போன் மீட்டர் ஆப்பை சி வெயிட்டிங்கில் (பாஸை ஏறக்குறைய முழுதாகக் கணக்கில் எடுக்கும் அளவுமுறை) வைத்து, உட்காரும் இடத்தில் 75 டெசிபெல் வாக்கில் நிறுத்துங்கள். ஏ வெயிட்டிங்கில் வைத்தால் 50 ஹெர்ட்ஸை 30 டெசிபெல் குறைத்துக் காட்டும். பாஸ் பற்றி அது எதுவும் சொல்லாது. போன் மைக் 50-க்குக் கீழே நம்பத்தக்கதல்ல என்பதால் ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து முன்பின் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். துல்லியம் வேண்டுமென்றால் யூமிக்-1 போன்ற யுஎஸ்பி அளவீட்டு மைக்கும், இலவசமாகக் கிடைக்கிற ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும்.

பாட்டு சொன்னதை உறுதிப்படுத்த டோன்கள் (ஒரே ஹெர்ட்ஸில் நிற்கும் தனி ஒலிகள்) உதவும். ஆடாசிட்டியில் சைன் டோன் உருவாக்கும்போது அது தானாகக் காட்டும் 0.8 அளவை 0.1 ஆக்குங்கள்; மறந்தால் ஊஃபருக்குத்தான் கேடு. 100, 80, 63, 50, 40, 31.5 என்று மேலிருந்து கீழே, ஒவ்வொன்றும் 5 வினாடி போதும். துளை வைத்த பெட்டியில் அந்தத் துளையின் சுருதிக்குக் கீழே கோனுக்குப் பிடிமானம் கிடையாது. கோன் பெரிதாக அலைந்து சத்தம் மட்டும் வரவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். துளையில் ‘புஸ் புஸ்’ என்று காற்றுச் சத்தம் வந்தால் அந்த வால்யூமே எல்லை. 31.5-ஐயும் 63-ஐயும் அடுத்தடுத்துப் போட்டால் இரண்டும் ஒரே சுருதியாகக் கேட்கிறதா? அப்படியானால் 31.5 வரவே இல்லை, அதன் இரட்டிப்புச் சிதைவைத்தான் கேட்கிறீர்கள்.

லோக்கலில் அசெம்பிள் செய்த 5.1 வைத்திருப்பவர்கள் முதலில் சப் வால்யூமைப் பாதியாகக் குறைத்துவிட்டு பாஸ் கிதார்த் துண்டைக் கேளுங்கள். ஆம்ப் போர்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பெட்டியின் கொள்ளளவும் துளையின் நீளமும் ஊஃபருக்குப் பொருந்தாமல் குத்துமதிப்பாக அடித்ததுதான் அந்த ஒற்றை ‘தொம்’முக்குக் காரணம். பழைய காட்டன் துணியைச் சுருட்டித் துளையை அடைத்துப் பாருங்கள். சத்தம் குறையும், ஆனால் நோட்டுகள் பிரிய ஆரம்பிக்கும். ஆம்ப் அதே பெட்டிக்குள் இருந்து துளை வழியாகத்தான் சூடு வெளியேறுகிறது என்றால் சோதனை முடிந்ததும் துணியை எடுத்துவிடுங்கள்.

சப்புக்கு இடம் தேட எளிய வழி, அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வைப்பது. பாஸ் கிதார்த் துண்டை ஓடவிட்டு, சுவரோரமாக முட்டி போட்டு நகர்ந்து கேளுங்கள். எல்லா நோட்டும் சமமாகக் கேட்கிற மூலை எதுவோ அங்கே சப் போகட்டும். மெல்லிய ஃபோம் ஓடுகளை வாங்கிச் சுவரில் ஒட்டிப் பணத்தை விரயமாக்காதீர்கள். கோரைப்பாயும் கார்ப்பெட்டும் கூட இந்த ஹெர்ட்ஸில் ஒன்றும் செய்யாது.

கடைசியாக மிஞ்சுவது கடகட சத்தம். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று பயப்படும் முன் 100-லிருந்து 35 வரை மெதுவாக இறங்கும் ஒரு டோனை உருவாக்கி ஓட்டுங்கள். ஷோகேஸ் கண்ணாடி, இரும்பு பீரோ கதவு, ஃபேன் கிண்ணம், ஸ்விட்ச் போர்டு மூடி, ஒவ்வொன்றும் தன் ஹெர்ட்ஸ் வரும்போது மட்டும் பேசும். பேசுகிற பொருளைக் கையால் அழுத்திப் பிடித்தால் சத்தம் நிற்க வேண்டும்; எதைப் பிடித்தும் நிற்காமல் ஊஃபரிடமிருந்தே கரகரப்பு வந்தால்தான் காயில் உரசுகிறதா, விளிம்பு ஃபோம் நம் ஊர் வெயிலில் பொடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். லாஃப்ட்டில் அடுக்கிய பாத்திரங்கள் என்றால் நடுவே துணி மடித்து வைத்துவிட்டு அதே டோனை இன்னொரு முறை ஓட்டுங்கள். அப்போதும் நிற்கவில்லையா, அடுத்து ஜன்னல் கொக்கியைப் பாருங்கள்.